நன்றாகத் தொடங்கிய தொடர்கள் கடைசியில் ஏன் சொதப்புகின்றன?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். ஆரம்பத்தில் அசத்தும் தொடர்கள் கடைசி சீசனில் ஏன் இப்படிச் சொதப்புகின்றன? எழுதுபவர்களுக்கு முடிவு முதலிலேயே தெரிந்திருக்காதா? முடிவு மோசம் என்று எல்லோரும் சொல்லும் ஒரு தொடரை இனிமேல் உட்கார்ந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

நான் விமர்சகன் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாகத் தொடர்கள் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் அது எப்படி உருவானது என்று தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். முடிவுகளைப் பற்றித்தான் பேச்சு என்பதால் சில தொடர்களின் கடைசிக் காட்சியைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கும். பார்க்காத தொடரின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்குமான பதில் அதற்குள்தான் இருக்கிறது. பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் அது நாம் நினைக்கிற அளவுக்கு உதவுவதில்லை. தொடர் எழுதுபவருக்கு அவசியம் தெரிய வேண்டியது, இன்னும் எத்தனை எபிசோட் பாக்கி இருக்கிறது என்பது. அதைச் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை.

சினிமாவுக்குக் கதை சொல்லப் போகிறவர் கிளைமாக்ஸ் இல்லாமல் தயாரிப்பாளர் முன்னால் போய் உட்கார முடியாது. தொடரில் அப்படி இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல காலம் நடந்தது இதுதான்: பைலட் என்று முதலில் ஒரே ஒரு எபிசோட் எடுப்பார்கள். சேனலுக்குப் பிடித்தால் ஒரு சீசன் கிடைக்கும். பார்க்கிறவர்களுக்குப் பிடித்தால் அடுத்த சீசன். 'இந்த வருடம் பிழைத்தோம்' என்பதுதான் ஒவ்வொரு வருடமும் கணக்கு. ஆகவே பைலட் எழுதுகிறவரின் கவலையெல்லாம் நம்மை இரண்டாவது வாரம் வரவழைப்பது. ஐந்தாவது வருடத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

'லாஸ்ட்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். விமான விபத்தில் தப்பித்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை, 2004இல் தொடங்கியது. கடைசிவரை கதையைத் தூக்கிச் சுமந்த டாக்டர் ஜாக் இருக்கிறாரே, முதல் திட்டப்படி அவர் பைலட்டிலேயே செத்துப்போக வேண்டியவர். பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று சேனல்காரர்கள் தடுத்ததால் பிழைத்தார். ஆறு சீசனுக்கும் நாயகன் என்று நாம் நினைக்கிற ஆளே முதல் நாள் பிணமாக வேண்டியவர் என்றால், கடைசிக் காட்சியை யார் எங்கே யோசித்து வைத்திருக்க முடியும்?

இதில் இன்னொரு சிக்கல். முடிச்சுப் போட ஒரு காட்சி போதும். காட்டுக்குள் ஏதோ உறுமுகிறது, பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது, யாரோ ஒருவருக்குப் பழைய ரகசியம் இருக்கிறது. எழுத ஐந்து நிமிடம், பார்க்கிற நமக்கு ஒரு வாரத் தூக்கம் போச்சு. அவிழ்ப்பதற்குத்தான் காலம் பிடிக்கும். அவிழ்த்த பிறகு அந்த ருசியும் போய்விடும் என்பதால் எழுதுகிறவர்கள் அவிழ்க்காமல் அதன் பக்கத்திலேயே இன்னொரு முடிச்சைப் போடுவார்கள். இப்படி மூன்று வருடம் ஓடினால் முடிச்சுகள் எத்தனை என்று அவர்களுக்கே கணக்குத் தெரியாது.

சரி, அவிழ்க்க வேண்டிய நேரம் வந்ததும் அவிழ்த்துவிட்டுப் போகலாமே என்றால், பணம் விடாது. அமெரிக்காவில் ஒரு தொடர் ஏறத்தாழ நூறு எபிசோடைத் தொட்டால்தான் அதை மற்ற நிலையங்களுக்கு தினசரி மறு ஒளிபரப்புக்கு விற்க வசதியாக இருக்கும். பெரிய லாபம் அங்கேதான். கதை அறுபதாவது எபிசோடில் இயற்கையாக முடிந்துவிட்டாலும் நூறுவரை அதை நடக்க வைப்பார்கள். தினசரி ஓடும் மெகா சீரியல்களில் கணக்கு வேறு, விளைவு ஒன்றுதான். டிஆர்பி இருக்கும்வரை கதை முடியாது. டிஆர்பி சரிந்தால் அடுத்த இரண்டு வாரத்தில் எல்லோரும் திருந்தி, எல்லோருக்கும் கல்யாணமாகி, குடும்பப் படத்துக்கு நின்றுவிடுவார்கள். ஜவ்வு மாதிரி இழுத்ததும் அவசரமாக மூட்டை கட்டியதும் ஒரே ஆள் எழுதியதுதான். இரண்டையும் அவர் விரும்பி எழுதவில்லை.

உண்மையில் தொடருக்கு முடிவு என்ற ஒன்று வேண்டும் என்கிற எண்ணமே தொலைக்காட்சிக்குச் சற்றுப் பிந்தி வந்ததுதான். ஆரம்ப காலத்தில் பெரும்பாலான தொடர்கள் ஒருநாள் நின்றுவிடும், அவ்வளவே. அந்தப் பழக்கத்தை உடைத்தது 'த ஃப்யூஜிடிவ்'. செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு டாக்டர், உண்மையான கொலையாளியை நான்கு வருடம் தேடுகிறார். 1967 ஆகஸ்ட் 29 அன்று அந்தத் தேடல் முடிந்தது. அன்றிரவு அமெரிக்காவில் ஏறத்தாழ 7.8 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. ஒரு முடிவுக்காக இத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று சேனல்களுக்கு அன்றுதான் உறைத்தது.

முடிவை நன்றாகச் செய்தவர்களில் எனக்குப் பிடித்த பழைய உதாரணம் 'மேஷ்'. கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாம்தான் களம். அந்தப் போர் நடந்தது 1950 ஜூன் முதல் 1953 ஜூலை வரை, மூன்று வருடமும் ஒரு மாதமும். அதை வைத்து எடுத்த தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை, பதினொரு சீசன், 256 எபிசோட். கதைக்குள் நாள்கணக்குப் பார்த்தால் உதைக்கும். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு இயற்கையான கதவு இருந்தது: என்றாவது ஒருநாள் போர் முடியும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். இதுதான் கடைசி சீசன் என்று முன்கூட்டியே தீர்மானித்து, 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேரத்தில் முடித்தார்கள். பத்தரைக் கோடிக்கு மேல் பார்த்தார்கள். தீவில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் துப்பறியும் நாயகனுக்கும் இந்த வசதி இல்லை. அவர்களுடைய கதவை யாராவது செய்து மாட்ட வேண்டும்.

'லாஸ்ட்' எழுதியவர்கள் அந்தக் கதவுக்காகச் சேனலுடன் சண்டையே போட்டார்கள். மூன்றாவது சீசனில் ஜாக்கின் உடம்பில் இருக்கும் பச்சைக்குப் பின்னால் என்ன கதை என்று ஒரு முழு எபிசோட் வரும். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதை யாரும் கேட்கவில்லை, சொன்ன பிறகும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முடிவுத் தேதி தெரியாமல் ஃப்ளாஷ்பேக்குகளை ஓட்டிக்கொண்டே இருந்தால் இந்தக் கதிதான் என்று அதைக் காட்டியே எழுத்தாளர்கள் வாதாடினார்கள். 2007 மே மாதம் சேனல் இறங்கி வந்தது: இன்னும் மூன்று சீசன், மொத்தம் 48 எபிசோட், 2010இல் முடிவு. ஓடிக்கொண்டிருந்த வெற்றித் தொடருக்கு மூன்று வருடம் முன்பே நாள் குறித்தது அப்போது பெரிய செய்தி. அதற்குப் பிறகு வந்த நான்காவது சீசன் எவ்வளவு வேகம் எடுத்தது என்று பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கடைசி எபிசோட் பிடிக்காதவர்கள் நிறைய. எனக்கு அழுகை வந்தது, ஆனால் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் வரவில்லை என்பதும் உண்மை. முடிவுத் தேதி கிடைப்பதற்கு முன் மூன்று சீசனில் போட்ட முடிச்சுகள் அவை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அப்படியென்றால் முதல் நாளே முடிவை எழுதி வைத்துக்கொண்டால் என்ன? அதையும் ஒருவர் செய்துபார்த்தார்கள். அந்தக் கதை இன்னும் சுவாரசியமானது.

'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' 2005இல் தொடங்கியது. 2030ஆம் வருடத்தில் ஓர் அப்பா தன் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, உங்கள் அம்மாவை நான் சந்தித்தது எப்படி என்று கதை சொல்கிறார். அந்தப் பிள்ளைகளாக நடித்தவர்கள் பதின்ம வயதினர். தொடர் எத்தனை வருடம் ஓடும் என்று தெரியாது, ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பது நிச்சயம். அதனால் 2006இலேயே, இரண்டாவது சீசன் நேரத்தில், பிள்ளைகள் வரும் கடைசிக் காட்சியை ரகசியமாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, இந்தக் கதை முழுக்க நீங்கள் பேசியது உங்கள் பழைய காதலி ராபினைப் பற்றித்தான், போய் அவளிடம் சொல்லுங்கள் என்று பிள்ளைகளே அப்பாவை அனுப்பி வைப்பார்கள். இரண்டாவது வருடத்தில் யோசித்தால் நல்ல முடிவு. நான் ரசித்திருப்பேன்.

ஆனால் தொடர் ஒன்பது வருடம் ஓடியது, 208 எபிசோட். இடையில் என்னென்னவோ நடந்தது. ராபினும் கதாநாயகனும் ஒத்துவர மாட்டார்கள் என்று எழுத்தாளர்களே நமக்குப் பல முறை காட்டி நம்ப வைத்தார்கள். ராபினுக்கும் நண்பன் பார்னிக்கும் நடுவே நிஜமாகவே ஒரு காதல் வளர்ந்தது. கடைசி சீசன் கிட்டத்தட்ட முழுவதும் அவர்களுடைய கல்யாணம் நடக்கும் ஒரே வார இறுதியில் நகர்ந்தது. அம்மாவாக ஒரு நடிகை வந்தார், பார்த்த சில காட்சிகளிலேயே எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. அப்புறம் கடைசி எபிசோடில், ஒரு சீசன் முழுக்க நடந்த கல்யாணம் சில நிமிடங்களில் விவாகரத்தானது, பிடித்துப்போன அம்மா இறந்துபோனார், பெட்டியிலிருந்து 2006ஆம் வருடக் காட்சி வெளியே வந்தது. கோபம் அவ்வளவு வந்ததில் ஆச்சரியம் இல்லை. பிறகு வந்த டிவிடியில் அம்மா சாகாத மாற்று முடிவையும் சேர்த்தார்கள். அதைப் பார்த்தால், கையில் இருந்த பழைய காட்சியை எறிய மனமில்லாததுதான் பிரச்சினை என்று புரியும். ஒன்பது வருடத்தில் கதை நகர்ந்துபோயிருந்தது. முடிவு மட்டும் இரண்டாவது வருடத்திலேயே நின்றுவிட்டது.

இதற்கு நேர் எதிர் 'பிரேக்கிங் பேட்'. அது 62 எபிசோட்தான். ஐந்தாவது சீசனின் முதல் காட்சியில், 2012 ஜூலையில் வந்தது, கதாநாயகன் வால்ட் தாடியும் தலைமுடியுமாக அடையாளம் தெரியாமல் வந்து, ஒரு பெரிய இயந்திரத் துப்பாக்கி வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு போகிறார். அந்தத் துப்பாக்கி எதற்கு என்று அப்போது எழுத்தாளர்களுக்கே தெரியாது. இதைப் படைப்பாளி வின்ஸ் கில்லிகனே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் துப்பாக்கியை என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்திருக்கிறார்கள். 2013 செப்டம்பர் 29 அன்று வந்த கடைசி எபிசோடில் அது வெடித்தபோது, முதல் நாளிலிருந்தே திட்டமிட்டதுபோல இருந்தது. முடிவு தெரியாது, ஆனால் பதினாறு எபிசோட்தான் பாக்கி என்பது தெரியும். அது போதுமானதாக இருந்தது. இத்தனைக்கும் 2007 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் இந்தத் தொடரின் முதல் சீசனே ஏழு எபிசோடோடு நின்றுபோனது. திட்டம் கெட்டுப்போவதை ஆரம்பத்திலேயே பழகிக்கொண்டவர்கள் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் கேள்வி கேட்கும்போதே மனதில் வைத்திருந்தது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று எனக்குத் தெரியும். அது நான் சொன்ன சூத்திரத்துக்கு அடங்காது. அவர்களுக்குத் தேதியும் தெரியும், முடிவும் ஓரளவு தெரியும். மூல நாவல்களின் ஆசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் முக்கியமான திருப்பங்களை முன்பே அவர்களிடம் சொல்லியிருந்தார். ஐந்தாவது நாவல் 2011இல் வந்தது, தொடர் தொடங்கியதும் அதே வருடம்தான். 2019இல் தொடர் முடிந்தபோதும் ஆறாவது நாவல் வரவில்லை. நடுவழியில் சாலை தீர்ந்துபோய், போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயர் மட்டும் கையில் இருந்தது.

அந்த நிலைமையில் வேகத்தைக் குறைத்து நிதானமாகப் போக வேண்டியவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். முதல் ஆறு சீசனுக்குத் தலா பத்து எபிசோட். ஏழாவதுக்கு ஏழு, எட்டாவதுக்கு ஆறு. மொத்தம் 73. சேனல் இன்னும் சில சீசன் தருவதற்குத் தயாராகவே இருந்தது, வேண்டாம் என்றது படைப்பாளிகள். ஆரம்ப சீசன்களில் ஒருவர் ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்குப் போவதற்குள் ஒரு சீசனே முடிந்துவிடும். அந்தப் பயணத்தில்தான் நாம் அவரைத் தெரிந்துகொள்வோம். கடைசியில் கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அடுத்த காட்சியிலேயே வந்து நின்றார்கள். அரியணைக்காகப் போராடும் இளவரசி டெனெரிஸ் ஒரு நகரத்தையே எரிப்பாள் என்பது கதையின்படி தவறான முடிவு என்று நான் நினைக்கவில்லை. அதற்கான விதைகள் முன்பே இருந்தன. ஆனால் அந்த மனமாற்றத்துக்குப் பத்துப் பதினைந்து எபிசோட் தேவை. அவளுக்குக் கிடைத்தது இரண்டோ மூன்றோ. கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டது வேடிக்கைதான், திரும்பவா எடுப்பார்கள்? ஆனாலும் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

எழுத்தாளர்கள் பக்கம் ஒரு வார்த்தை. அவர்கள் பொம்மைகளை வைத்துக் கதை எழுதவில்லை. நடிகர்கள் வளர்கிறார்கள், விலகுகிறார்கள், சம்பளம் கூட்டிக் கேட்கிறார்கள். 'பாபிலோன் 5' என்ற விண்வெளித் தொடரை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து வருடத்துக்கான கதையை முதலிலேயே திட்டமிட்டவர். 110 எபிசோடில் 92ஐ அவரே எழுதினார். யார் விலகினாலும் கதை நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தப்பிக்கும் வழியும் வைத்திருந்தார். அவர் நினைத்தபடியே முதல் சீசனோடு கதாநாயகன் போனார், கதை சமாளித்தது. ஆனால் நான்காவது சீசனில் சேனலே ஆட்டம் கண்டது. ஐந்தாவது வருடம் கிடைக்காது என்று பயந்து முக்கியமான போர்களையெல்லாம் நான்காவதிலேயே அடைத்து, கடைசி எபிசோடையும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு ஒரு சேனல் ஐந்தாவது சீசன் தருகிறேன் என்று வந்தது! எடுத்த முடிவைப் பெட்டியில் வைத்துவிட்டு, தீர்ந்துபோன கதையை ஒரு வருடம் ஓட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு கவனமாகத் திட்டமிட்டவருக்கே இந்த நிலை.

திட்டமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு 'டல்லாஸ்' இருக்கிறது. பாபி என்கிற பாத்திரத்தில் நடித்தவர் விலகியதால் 1985இல் அவரைச் சாகடித்தார்கள். பார்வையாளர்கள் குறைந்தார்கள், நடிகர் திரும்பி வரச் சம்மதித்தார். 1986இல் பாபியின் மனைவி ஒரு காலை எழுந்து பார்த்தால் அவர் குளியலறையில் குளித்துக்கொண்டிருக்கிறார். இடையில் போன முழு சீசனும் அவள் கண்ட கனவாம். இதில் வேடிக்கை, அதே கதையுலகின் கிளைத் தொடர் ஒன்றில் பாபியின் சாவுக்கு ஏற்கெனவே துக்கம் அனுசரித்திருந்தார்கள். அங்கே அவர் கடைசிவரை பிழைக்கவே இல்லை.

ஓடிடி வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். விளம்பர இடைவேளை இல்லை, நூறு எபிசோட் கட்டாயம் இல்லை, எட்டோ பத்தோ எபிசோடில் சொல்ல வந்ததைச் சொல்லலாம். நடந்தது வேறு. சந்தா சேவைக்குப் புதிய ஆள் புதிய தொடருக்காகத்தான் வருவார், நான்காவது சீசனுக்காக வருகிறவர் குறைவு. சீசன் ஏற ஏற நடிகர்களின் சம்பளமும் செலவும் ஏறும். ஆகவே இரண்டு மூன்று சீசனோடு கதையை நடுவழியில் தொங்கவிட்டு நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. முன்பு கதை முடிந்தும் தொடர் நிற்காது, இப்போது தொடர் நின்றும் கதை முடிந்திருக்காது. நன்றாக ஓடும் தொடர்களுக்கு வேறு வியாதி: சீசன்களுக்கு நடுவே இரண்டு மூன்று வருட இடைவெளி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016இல் தொடங்கியபோது அந்தப் பையன்கள் நிஜமாகவே சிறுவர்கள். 2022இல் நான்காவது சீசன் வந்தபோது நடிகர்கள் இருபதை நெருங்கியிருந்தார்கள், கதையில் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். முடிவுக்கு நாம் கொடுக்கிற மதிப்பெண்தான் முழுத் தொடருக்கும் ஒட்டிக்கொள்கிறது, அது மனித மனத்தின் கோளாறு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1993இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே 30 விநாடி, அந்த 30இல் மட்டும் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். இரண்டில் எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிக நேரம் வலித்தாலும் கடைசியில் கொஞ்சம் இதமாக இருந்ததாம்! எழுபது மணி நேரம் இதமாக இருந்து கடைசி ஆறு மணி நேரம் வலித்த தொடரை நாம் 'மோசமான தொடர்' என்று சொல்வது இந்தக் கணக்கில்தான்.

முடிவு போதவில்லை என்ற குறை இன்று பிறந்ததும் இல்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதிய 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் துளைத்தெடுத்ததால் அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதி விளக்க வேண்டியிருந்தது. நம் பாட்டிமார்களும் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு 'இவ்வளவுதானா?' என்று கேட்டவர்கள்தான்.

எந்த முடிவு நன்றாக இருக்கிறது என்று கேட்டால் நான் 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' என்பேன். இறுதிச் சடங்கு நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை, 2001 முதல் 2005 வரை. ஏறக்குறைய ஒவ்வொரு எபிசோடும் யாரோ ஒரு அந்நியரின் சாவோடு தொடங்கும், திரையில் பெயரும் பிறந்த வருடமும் இறந்த வருடமும் வரும். கடைசி எபிசோடின் கடைசி நிமிடங்களில் அதே மாதிரி, நாம் ஐந்து சீசன் உடன் வாழ்ந்தவர்களின் சாவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, சில பல பத்தாண்டுகள் தள்ளி. புதிதாக எந்த உத்தியும் இல்லை. முதல் எபிசோடிலிருந்து செய்ததையே இந்த முறை நம் ஆட்களுக்குச் செய்தார்கள். ட்விஸ்ட் இல்லை, விடுகதைக்கு விடை இல்லை. நான் பார்த்து முடித்துவிட்டு ஒரு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வி: பார்க்கலாமா, வேண்டாமா?

தொடரின் இன்பம் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ஒரு பெரிய மர்மத்தின் மேல் நிற்கும் தொடர் என்றால், விடை சரியில்லை என்று கேள்விப்பட்டாலே நான் தொடுவதில்லை. மனிதர்களுக்காகப் பார்க்கிற தொடர் என்றால் முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் பார்ப்பேன். நகைச்சுவைத் தொடர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோட். அதற்கு முடிவு என்று ஏதாவது இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை, எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதும் நினைவில்லை. முடிவு பயமே வேண்டாம் என்றால் 'த குட் ப்ளேஸ்' பாருங்கள், நான்கு சீசன் போதும் என்று படைப்பாளியே நிறுத்திய தொடர், 53 எபிசோட். கொரியத் தொடர்களும் அநேகமாகப் பதினாறு எபிசோடில் முடிந்துவிடும், ஒரே எழுத்தாளர் எழுதியதாகவும் இருக்கும்.

அப்புறம், நடுவில் நிறுத்துவது குற்றம் இல்லை. 'டெக்ஸ்டர்' எட்டு சீசன் இருக்கிறது. நான்காவது சீசனின் கடைசிக் காட்சியோடு எழுந்துவிடுங்கள், அருமையான தொடர் பார்த்த திருப்தி மிஞ்சும். நான் எட்டையும் பார்த்தேன், எட்டாவதின் கடைசிக் காட்சியில் கதாநாயகன் டெக்ஸ்டர் தாடி வைத்துக்கொண்டு மரம் வெட்டப் போனதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

என் அக்கா இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஏழாவது சீசன்வரை என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். எட்டாவது வந்த முதல் வாரமே என் முகத்தைப் பார்த்தாள், இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டாள். ஜான் ஸ்னோ அரியணை ஏறுவானா மாட்டானா என்று இன்றுவரை என்னிடம் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறாள், நானும் சொல்லவில்லை.